பதின்மூன்றாம் மாதம்

என் பெயரைக் காரைக்குடி
பங்குபோட்டுக்கொண்டது.
ஸெனபெச் என்றேன் முதல் நாள்.
காவலாளி ஜெனிபர் என்று எழுதிக்கொண்டார்.
மெஸ்ஸில் பரிமாறும் ராக்காயி அக்கா
ரெண்டே நாளில் முன்பாதியைத் தள்ளிவிட்டுப்
பின்பாதியை வைத்துக்கொண்டாள்.
"ஏ பேச்சி, இன்னொரு கரண்டி வாங்கு."
அது இங்கே ஒரு சாமியின் பெயராம்,
கோபக்காரச் சாமி.
நான் திருத்தவில்லை.

விடியுமுன் ஐந்தேகாலுக்கு ஆய்வகம்.
உப்புநீரில் தொங்கும் எஃகுத் துண்டுகள்
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை
அளவெடுக்கச் சொல்லும்.
துருப்பிடிக்க எத்தனை நாளாகும் என்பது
என் ஆராய்ச்சி.
"இரும்பு கெட்டுப்போவதைப் பார்க்கவா
விமானம் ஏறினாய்?"
அம்மா கேட்டாள்.
ஆமாம் என்றேன். உதவித்தொகை உண்டு என்றேன்.

அம்மாவோடு பேசக் கணக்குப் போடவேண்டும்.
எங்கள் நாட்டில் விடிந்த பிறகுதான்
மணி எண்ணத் தொடங்குவோம்.
இங்கே ஒன்பதரை என்றால்
அதில் இரண்டரையைக் கழி,
மறுபடி ஆறைக் கழி:
அவளுக்குக் காலை ஒரு மணி,
காப்பிக்கொட்டை வறுக்கும் நேரம்.
கணக்குத் தப்பும் நாளில்
தூக்கத்தோடு பேசுவாள்,
என்னை அக்கா பெயரால் கூப்பிடுவாள்.

விடுதித் தோசை எனக்குப் புளிப்புப் போதாது.
மாவை மூன்று நாள் ஜன்னலில் வைத்தேன்.
அறைத்தோழி தேனம்மை மூக்கைப் பொத்தினாள்,
வார்டனிடம் போவேன் என்றாள்.
சுட்டு எடுத்ததும்
ஒரு துண்டு கேட்டாள்.
அவள் வீட்டில் நாலாம் நாள் மாவுக்கு
ஊத்தப்பம் என்று பெயராம்.

விசா நீட்டிக்கச் சிவகங்கைக்குப் போகிறேன்,
வருடம் ஒருமுறை.
பஸ்ஸில் பக்கத்து இருக்கை
கடைசியாகத்தான் நிறைகிறது.
நிறைந்த பிறகு
எந்த ஊர், எத்தனை பேர் கூடப்பிறந்தது,
அந்த ஊரில் முருங்கைக்காய் கிடைக்குமா.
இறங்கும்போது கையில் ஒரு கொய்யா இருக்கும்.

அலுவலகத்தில் வெள்ளையப்பன் சார்
காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"சான்றிதழ்ல மூணாம் தேதி,
பாஸ்போர்ட்ல எட்டு.
எதும்மா சரி?"
ரெண்டும், என்றேன்.
நான் பிறந்தது பதின்மூன்றாம் மாதத்தில்.
அதற்கு ஐந்தே நாள்,
சில வருடம் ஆறு.
அந்த நாட்களில் மழை பெய்தால்
வாசலில் நின்று நனைவோம்.
நான் பிறந்தபோதும் பெய்தது,
அதுதான் என் பெயரின் அர்த்தம்.
அவருடைய கணினி
டிசம்பரோடு கதவைச் சாத்திவிடுகிறது.

"குடும்பப் பெயர்?"
இல்லை. அப்பா பெயர்தான் பின்னால் வரும்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"எங்களுக்கும் அப்படித்தான்மா.
என் பையன் ஜார்ஜியாவில டாக்டருக்குப் படிக்கிறான்.
அந்தக் கட்டத்தில என் பேரைப் போட்டுவிட்டேன்.
இப்ப அங்க எல்லாரும் அவனை
வெள்ளை, வெள்ளைன்னு கூப்பிடுறாங்களாம்.
என் பேரோட அவன் பனியில நடக்கிறான்."

முத்திரை கையில் இருந்தது. குத்தவில்லை.
"ஒண்ணு கேக்கட்டுமா?
மாசக் கடைசியில காசு தீந்துட்டா
வீட்டுல சொல்லுவீங்களா?"

மாட்டோம், என்றேன்.

"காய்ச்சல்னா?"

சரியான பிறகு சொல்வோம்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.
மேசை இழுப்பறையைத் திறந்தார்,
எதையும் எடுக்காமல் மூடினார்.
பிறகு முத்திரையைக் குத்தினார்,
தேவைக்கு மேல் அழுத்தமாக.
மை அடுத்த பக்கத்திலும் இறங்கியிருந்தது.

திரும்ப நாலு மணி.
பதினொன்றேகால் அளவு தவறியிருக்கும்,
ஒரு மாத உழைப்பில் ஒரு ஓட்டை
என்று ஆய்வகத்துக்கு ஓடினேன்.

நோட்டில் அந்தக் கட்டம் நிறைந்திருந்தது,
தேனம்மையின் சாய்ந்த எண்களில்.
கையொப்பம் இடவேண்டிய இடத்தில்
தமிழில், கூச்சமே இல்லாமல்:
தெ. பேச்சி.

என் அப்பா தெஸ்ஃபாயே என்று
அவளுக்கு எப்போது சொன்னேன்?
ஞாபகம் இல்லை.
ஐந்தேகாலுக்கு இன்னும்
ஒரு மணி நேரம் இருந்தது.
கொய்யாவைக் கழுவினேன்.